மாமனாரின் பஞ்சுக் கோட்டு

“வாயைத் திறந்து சொல்லுடி! பதினோரு வருஷமா அலமாரியில தொங்கின கோட்டு, கால் முளைச்சு நடந்து போயிடுச்சா?”

தொவான் போட்ட சத்தத்தில் கோழிகள்கூடக் கூடைக்குள் பம்மிவிட்டன. காலை ஏழு மணி. மலையடிவாரத்து லோக் பின் ஊருக்கு இன்று நாலு டிகிரி என்று தெருமுனை ஒலிபெருக்கி அப்போதுதான் சொல்லி ஓய்ந்திருந்தது. அந்த வீட்டு முற்றத்தில் மட்டும் குளிரைக் காணோம்.

மருமகள் லுவா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றாள்.

“அது பத்திரமாத்தான் இருக்கு, அத்தை.”

“எங்க?”

“அதை என்னால சொல்ல முடியாது.”

இதைவிட மோசமான ஒரு பதிலை லுவா ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. தொவான் முதல் சுற்றிலேயே மூச்சு வாங்கி, இரண்டாம் சுற்றுக்கு இடுப்பில் கையை வைத்தாள்.

கோட்டு சாதாரணக் கோட்டு இல்லை. தொவானின் புருஷன் தூ, தபால்காரராக இருந்தபோது போட்டது. பச்சை நிறம், உள்ளே பஞ்சு, வரி வரியாகத் தையல். மின்ஸ்க் மோட்டார் சைக்கிளில் மௌ சோன் மலைக்குக் கடிதம் கொண்டுபோனவர், ஒரு மார்கழிக் குளிரில் மூன்றாவது வளைவில் பள்ளத்துக்குள் போய்விட்டார். அதற்கப்புறம் தொவான் எந்த மோட்டார் சைக்கிளிலும் ஏறவில்லை. “இந்த வீட்டு ஆளுங்க யாரும் அந்த மலைப்பாதையில கால் வைக்கக் கூடாது” என்று சாமி மாடத்து முன்னால் பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். வருஷா வருஷம் திதிக்கு மூன்று நாள் முன்பு கோட்டை எடுத்து வெயில் காட்டுவாள். இந்த வருஷம் அலமாரியில் வெறும் மாட்டி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

“கோய்! உன் பொண்டாட்டியைக் கேளுடா!”

லுவாவின் புருஷன் கோய் தண்ணீர்த் தொட்டி அருகே பல் துலக்கிக்கொண்டிருந்தான். வாயில் பிரஷ் இருக்கும்வரை நியாயம் சொல்ல வேண்டியதில்லை என்பது அவன் மூன்று வருஷ இல்லறத்தில் கற்ற பாடம். அன்றைக்கு அவன் பற்கள் கண்ணாடி மாதிரி ஆகியிருக்க வேண்டும்.

சரியான நேரத்தில் பக்கத்து வீட்டுக் கூக் ஒரு கிண்ணத்தோடு வந்தாள், சமையலுக்குக் கொஞ்சம் உப்பு மீன் சாறு கடன் கேட்க. அவள் வீட்டில் மீன் சாறு இரண்டு புட்டி இருந்தது வேறு விஷயம்.

“நான் எதுலயும் தலையிடறதில்ல அக்கா. ஆனா கண்ணு பார்த்ததைச் சொல்லாம இருந்தா பாவம். லுவாவோட தம்பி தாவ் இருக்கானே, வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டுறவன்... அவன் வண்டிக் கைப்பிடியில ரெண்டு உறை. பச்சைத் துணி. உள்ள பஞ்சு. வரி வரியாத் தையல்.”

“வெட்டிட்டியா...!” தொவானின் குரல் கிறீச்சிட்டது. “அவரு கோட்டை வெட்டி உன் தம்பி வண்டிக்குச் சட்டை தைச்சியா! என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு, என் வீட்டுப் பொருளைப் பொறந்த வீட்டுக்குக் கடத்தினியா! திருடி!”

லுவாவுக்குக் காது இரண்டும் கொதித்தன. திருடியா? விடியலில் எழுந்து பன்றிக்குத் தீனி வைத்து, இந்தக் குளிரில் சந்தைக்கு வண்டி ஓட்டிப் போய்வருகிறவள் அவள். கையுறைகூட இல்லை, காலுறையைக் கையில் மாட்டி, மேலே பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு போகிறாள். அவள் கையுறை எங்கே போயிற்று என்று இந்த வீட்டில் ஒருத்தர் கேட்டதுண்டா? கோட்டுக்கு மட்டும் விசாரணை!

“ஆமா, வெட்டினேன். நான்தான் வெட்டினேன். ஆனா திருடலை.”

“அப்ப எதுக்கு வெட்டினே?”

லுவா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சொல்லிவிட்டால் ஒரு நிமிஷத்தில் தப்பிக்கலாம். ஆனால் வாக்குக் கொடுத்தது அவளில்லையா? நாத்தனார் மியென், இரண்டு மாதம் முன்பு இதே அடுப்படியில் அவள் மடியில் முகம் புதைத்து அழுததை எப்படி மறப்பாள்...

“என்னங்க,” என்று புருஷன் பக்கம் திரும்பினாள். “நான் திருடின்னு நீங்களும் நினைக்கிறீங்களா?”

கோய் நுரையோடு ஏதோ சொன்னான். அது ‘இல்லை’யா, ‘தெரியலை’யா என்பது இன்றுவரை தெருவில் தீராத வழக்கு.

“போதும்!” லுவா கரண்டியைக் கீழே வைத்தாள். “இனிமே இந்த வீட்டுல நான் சமைச்சா, உப்பையும் எடுத்துக்கிட்டேன்னு சொல்வீங்க.”

போகிறவள் அப்படியே போகவில்லை. கஞ்சி காய்ச்சி இறக்கினாள், பன்றிகளுக்கு வைத்தாள், அடுப்பைத் துடைத்தாள். அப்புறம்தான் துணிப்பையைக் கட்டினாள். எட்டரை மணிக்கு அவள் வாசலுக்கு வந்தபோது, கூக் மீன் சாற்றை வாங்காமலே இன்னும் அங்கேதான் நின்றிருந்தாள்.

அப்போது வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவன் தாவ். காற்று நெஞ்சில் நுழையாமல் இருக்க மேல்சட்டையை முன்பின்னாக மாட்டியிருந்தான். ஜிப் முதுகில் இருந்தது. கைப்பிடியில் அந்தப் பச்சை உறைகள். பின்னாலிருந்து இறங்கிய உருவத்துக்குத் தலைக்கவசம், முகமூடி, கழுத்துத் துண்டு எல்லாம் போகக் கண் மட்டும்தான் பாக்கி. நெஞ்சில் பச்சைப் பஞ்சு மறைப்பு. இடுப்பிலிருந்து முழங்கால்வரை பச்சைப் பஞ்சுத் துணி.

“யாருடி நீ? என் வீட்டுக்காரர் கோட்டை மேல கட்டிக்கிட்டு என் வாசல்லயே வந்து நிக்கிறே!” தொவான் பாய்ந்தாள்.

உருவம் முகமூடியை இறக்கியது. மியென்.

பெற்ற மகள்! பத்து நிமிஷத் தூரத்தில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறாள் என்று தாய் நம்பிக்கொண்டிருந்த மகள்.

“என்னை மலைக்கு மாத்திட்டாங்கம்மா. மூணு வருஷம். உன்கிட்ட சொன்னா நீ உயிரை விட்டுடுவியோன்னு பயந்து மறைச்சேன். முத வாரமே விரல் எல்லாம் வீங்கி வெடிச்சுப் போச்சு, சாக்பீஸ் பிடிக்க முடியலை. அண்ணிதான் கோட்டைப் பிரிச்சு இதெல்லாம் தைச்சாங்க. கையுறையும் அவங்களோடதுதான்.” மியென் அண்ணியின் கையிலிருந்த மூட்டையைப் பார்த்தாள். “இன்னிக்குப் பாதையில பனி உறைஞ்சிருக்குன்னு பள்ளிக்கூடத்தை மூடிட்டாங்க. அந்த மாதிரி நாள்ல தாவ்தான் ஓட்டுவாரு, என் வண்டி உறையை அவர் வண்டிக்கு மாத்திக்குவோம்... என்ன நடக்குது இங்க? அண்ணி, எங்க கிளம்பிட்டீங்க?”

‘பனி நாளில் தாவ்தான்’ என்ற வரியைக் கூக் தனியாக மடித்து வைத்துக்கொண்டாள்.

தொவான் கல்படியில் உட்கார்ந்தாள். இந்த இடத்தில் மாமியார் ஓடிவந்து மருமகளைக் கட்டிக்கொள்வாள் என்று யாராவது எதிர்பார்த்தால், அவர்கள் தொவானை அறியாதவர்கள்.

“ரெண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து என்னை முட்டாளாக்கிட்டீங்க... அந்தப் பாதைக்கே அனுப்பிட்டீங்க...”

அப்போதுதான் லுவாவின் பொறுமை அறுந்தது.

“ஆமா அத்தை! வருஷா வருஷம் திதியில, மேலுலகத்துல மாமாவுக்குப் போய்ச் சேரும்னு காகிதக் கோட்டு எரிச்சு அனுப்புறீங்க. போன வருஷம் காகித மோட்டார் சைக்கிளே எரிச்சீங்க, காகிதத் தலைக்கவசத்தோட! அவரு அங்க குளிர் தெரியாம ஊர் சுத்தட்டும். இங்க உசுரோட ஒருத்தி விரல் வெடிச்சு ரத்தம் வடியுது, நிஜப் பஞ்சுக் கோட்டு அலமாரியில சும்மா தொங்குது! அதை வெட்டினது திருட்டுன்னா, நான் திருடிதான். வரேன்.”

மியென் அழுதாள். கோய் ஒருவழியாக வாயைக் கொப்பளித்துவிட்டு, “லுவா, கொஞ்சம் பொறு...” என்றான். மூன்று வருஷம் தாமதமாக வந்த வார்த்தை. லுவா தம்பியின் வண்டியில் ஏறிவிட்டாள்.

பிறந்த வீடு பன்னிரண்டு கிலோமீட்டர். கோய் இரண்டு நாளில் ஐந்து முறை தொலைபேசியில் கூப்பிட்டான். அம்மா சாப்பிடவில்லை, பேசவில்லை என்றான். “அவங்க சொன்ன வார்த்தையை நீங்க எப்படி அழிப்பீங்க?” என்று லுவா வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள், திதியன்று காலை, முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். தூறலும் குளிருமாக இருந்தது. தாவின் வண்டி வந்து நின்றது. பின்னால் ஏதோ ஒரு மூட்டை. மூட்டை அசைந்தது. கோயின் மேல்சட்டையை முன்பின்னாக மாட்டி, சட்டையோடு சேர்ந்த தொப்பி தாடைக்கடியில் தொங்க, செருப்புக் காலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி... தொவான்! பதினோரு வருஷம் மோட்டார் சைக்கிளைத் தொடாதவள்!

“அக்கா, என்னைத் திட்டாதே,” என்றான் தாவ். “விடியக்காலை வண்டி நிறுத்தத்துக்கு நடந்தே வந்துட்டாங்க. ‘கையை என் சட்டைப் பைக்குள்ள விட்டுக்கோங்க, எல்லாரும் அப்படித்தான் உட்காருவாங்க’ன்னேன். ‘ஊரான் பையன் பையில நான் ஏன்டா கை விடணும்’னு, வழியெல்லாம் இரும்புக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே வந்தாங்க.”

தொவான் இறங்கினாள். கைகள் நீலமாக, கம்பியைப் பிடித்த வாக்கிலேயே மடங்கிக் கிடந்தன.

“விரிக்க முடியலைடி,” என்றாள், சின்னப் பிள்ளை மாதிரி. “பன்னிரண்டு கிலோமீட்டருக்கே விரிக்க முடியலை. அவருக்கு அந்த மூணாவது வளைவுல... பிரேக்கைப் பிடிக்க இந்த விரல் எப்படி மடங்கியிருக்கும்?”

நெருப்பில் காட்டினால் தோல் வெடித்துவிடும் என்று லுவாவுக்குத் தெரியும். ஒன்றும் பேசாமல் தன் மேல்சட்டையைத் திறந்து, மாமியாரின் இரு கைகளையும் இழுத்துத் தன் அக்குளில் அழுத்திக்கொண்டாள். அப்படி அழுத்தினால் இரண்டு பேரும் நெஞ்சோடு நெஞ்சாகத்தான் நிற்க முடியும். வேறு வழியில்லை. தொவானின் தாடை மருமகளின் தோளில் வந்து உட்கார்ந்தது.

“அன்னிக்கு அவரு அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டுப் போகலைடி. யாருக்கும் தெரியாது. பனியில போக வேணாம்னு சண்டை போட்டேன். கேக்கலை. கோட்டு இல்லாட்டி போகமாட்டாருன்னு நெல்லுப் பானைக்குள்ள ஒளிச்சு வெச்சேன்... அவரு மெல்லிசுச் சட்டையோட போயிட்டாரு.” தொவான் குலுங்கினாள். “நீ திருடி இல்லடி லுவா. அந்தக் கோட்டைத் திருடினவ நான். அவருகிட்ட இருந்து...!”

லுவாவுக்குக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. முழுதும் போகவில்லை, கொஞ்சம் இருந்தது. இருந்தும் அழுதாள்.

“அழாதீங்க அத்தை... ரெண்டு மாசமா அதே வளைவுல அந்தக் கோட்டுதான் உங்க மகளைக் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வருது.” அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “ஆமா, இன்னிக்கு வீட்டுல யாரு சமைக்கிறா?”

“கோய்.”

“ஐயோ!”

மூன்று பேரும் ஒரே வண்டியில் திரும்பினார்கள். நடுவில் மாமியார். லுவா பின்னாலிருந்து அவள் கைகளைப் பிடித்து, தாவின் சட்டைப் பைக்குள் பலவந்தமாகத் திணித்தாள். “வெட்கப்பட்டது போதும், உள்ள விடுங்க!”

திதிச் சாப்பாட்டில் கோழி கருகியிருந்தது; ஒட்டரிசிச் சோறு கல்லாக இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை, ஏனென்றால் தொவான் கிண்ணங்களை வைத்து முடித்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

“கூக்! உன் கண்ணு பார்த்ததை ஊருக்கெல்லாம் சொன்னியே, இதையும் காது கேட்டுக்கட்டும். கோட்டை வெட்டச் சொன்னது நான். என் மருமக தைச்சா. சந்தேகம் இருக்கிறவங்க என் முகத்தைப் பார்த்துக் கேளுங்க.”

பொய்தான். சபையில் ஒருத்தரும் கேட்கவில்லை. லுவா தலையை நிமிர்த்திக்கொண்டு எல்லாருக்கும் எலும்பு ரசம் ஊற்றினாள். கூக்கின் கிண்ணத்தில் மட்டும் எலும்பு அதிகம் விழுந்தது.

மியென் மலையில் மூன்று வருஷத்தை முடித்தாள். இரண்டாம் வருஷமே தாவைக் கல்யாணம் செய்துகொண்டாள். பனி நாளில் மட்டும் ஓட்டியவன், வெயில் நாளிலும் ஓட்ட ஆரம்பித்ததைத் தெருவே பார்த்துக்கொண்டுதான் இருந்தது. இருவரும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே குடியேறிவிட்டார்கள். கூக் மகனோடு தெற்கே போய்விட்டாள். தெருவில் செய்தி கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறது. கோய்க்குப் பாக் நின் நகரத்தில் தொழிற்சாலை வேலை கிடைத்தது. கூட வரச் சொல்லித் தாயை ஆறு தடவை கூப்பிட்டான். சாமி மாடத்தை விட்டு வரமாட்டேன் என்றாள். லுவா ஒரு தடவைதான் கூப்பிட்டாள். மறுநாள் காலையிலேயே தொவான் வீட்டைப் பூட்டிவிட்டுப் பெட்டியோடு வாசலில் நின்றாள்.