இரைச்சல்தான் வேண்டும்

அக்கா பரீட்சைக் கூடத்துக்குள் போய் முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் வெளியே வந்துவிட்டாள்.

"அதுக்குள்ள முடிச்சிட்டியா?" என்று கேட்டபடி தங்கை வாண்டு ஓடினாள்.

அக்காவின் முகம் வெளுத்துப் போயிருந்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்குப் போகலாம்" என்று மட்டும் சொன்னாள்.

நல்லவேளை, அது வெறும் மாதிரித் தேர்வு. கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு இன்னும் பத்தொன்பது நாட்கள் இருந்தன.

அப்பாவுக்குப் பாலம் கட்டும் வேலை. ஒரு பாலம் முடிந்தால் மூட்டை முடிச்சோடு அடுத்த ஊர். அதனால் பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடத்தில் சேரவே இல்லை. அம்மாதான் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுப்பார். அக்காவுக்குப் பதினேழு வயது. கணக்கில் புலி. பத்து வயது வாண்டு கணக்கில் எலிகூட இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா புத்தகங்களையெல்லாம் கயிற்றால் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். இரண்டு நாட்கள் யாரோடும் பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"பள்ளிக்கூடத்துல சேர்த்திருக்கணும். தப்பு என்னோடதுதான்" என்று அம்மா, வேலையிடத்தில் இருந்த அப்பாவிடம் போனில் சொல்லி அழுதார். அம்மா அழுது வாண்டு பார்த்ததே இல்லை.

மூன்றாம் நாள் அவள் அக்காவின் காலடியில் போய் உட்கார்ந்தாள்.

"கேள்வி ரொம்ப கஷ்டமாக்கா?"

"இல்லை. எல்லாம் தெரிஞ்ச கேள்விதான்."

"அப்புறம் ஏன்?"

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "என்னைச் சுத்தி இருநூறு பேருடி. நான் முதல் கேள்வியை முடிக்கல, பக்கத்துல இருந்தவன் தாளைப் புரட்டிட்டான். பின்னால ஒருத்தி பேனாவைத் தட்டிக்கிட்டே இருந்தா. எல்லாரும் ஓடற மாதிரியும், நான் மட்டும் நிக்கற மாதிரியும் இருந்துச்சு. என் பேரே எனக்கு மறந்துபோச்சு."

வாண்டு யோசித்தாள். அக்கா படிக்கும்போது வீட்டில் யாரும் தும்மக்கூட மாட்டார்கள். குழாயைக்கூட மெல்லத்தான் திறப்பார்கள்.

நேராகக் கீழ்த்தளத்துக்கு ஓடினாள். அங்கே ஒரு தையல்கூடம். பன்னிரண்டு பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். தையல் எந்திரங்கள் கடகடவென்று ஓடின.

"அத்தை, எங்கக்கா பரீட்சை எழுதிப் பழகணும். இங்க ஒரு மூலை தருவீங்களா?" என்று தையல்கூடத்துக்காரரிடம் கேட்டாள்.

"இந்த இரைச்சல்லயா? காதுல பஞ்சு வெச்சாலும் தாங்காதே!"

"இரைச்சல்தான் அத்தை வேணும்!"

கெஞ்சிக் கூத்தாடி அக்காவைக் கீழே இழுத்து வருவதற்குள் வாண்டுவுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. துணி வெட்டும் மேசையின் ஓரத்தில் பழைய வினாத்தாளோடு அக்கா உட்கார்ந்தாள். பத்தாவது நிமிடம் பேனாவை எறிந்துவிட்டு மாடிக்கு ஓடினாள்.

"உன்னாலதான்! எல்லார் முன்னாலயும் என்னை அசிங்கப்படுத்திட்ட!"

கதவைப் படாரென்று சாத்தினாள். வாண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். இருந்த ஒரே யோசனையும் போய்விட்டது. அக்காவும் போய்விட்டாள் போலிருந்தது.

மறுநாள் காலை அக்கா வாண்டுவை எழுப்பினாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன.

"நீயும் கூட வந்து உக்காரு" என்றாள். "பேசாத."

அன்று இருபது நிமிடம் தாங்கினாள். பக்கத்து எந்திரத்தில் ஒருவர் சட்டைக் கையைத் திருப்பிப் போட்டுத் தைத்துவிட்டு, "அட கடவுளே!" என்று பிரித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் யாரும் தலைநிமிரவில்லை.

"இங்க யாரும் யாரையும் பாக்கறதே இல்லை, கவனிச்சியா?" என்றாள் அக்கா மெதுவாக.

அடுத்த நாள் நாற்பது நிமிடம். அதற்கடுத்த நாள் பாதியிலேயே எழுந்துவிட்டாள். தேர்வுக்கு முதல் நாள்வரை ஒரு வினாத்தாளைக்கூட முழுதாக முடிக்கவில்லை.

தேர்வு நாளில் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாண்டு நின்றாள். ஒருவன் பாதியிலேயே அழுதுகொண்டு வெளியே வந்தான். அடுத்தது அக்காதான் என்று வாண்டுவுக்குத் தோன்றியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

அக்கா வரவில்லை. கடைசி மணி அடித்து, கூட்டமெல்லாம் கலைந்த பிறகுதான் வந்தாள்.

"பதினொரு கேள்வி விட்டுட்டேன்மா" என்றாள். "இடம் கிடைக்கறது கஷ்டம்தான்."

அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"ஆனா மூணு மணி நேரமும் உள்ளேயே இருந்தேன்" என்றாள் அக்கா. "இந்தத் தடவை இல்லைன்னா அடுத்த தடவை எழுதறேன். இப்ப எனக்குக் கொலைப்பசி."

அம்மா கொண்டுவந்த ரொட்டியை இரண்டே வாயில் முடித்துவிட்டு, வாண்டுவின் கையிலிருந்ததையும் பிடுங்கினாள்.

வாண்டு வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சண்டை போடாமல் கொடுத்துவிட்டாள்.