உயிலின் இரண்டாம் பக்கம்

நேற்று அவள் பிரித்துப்போட்ட தலையணை இன்று தைக்கப்பட்டிருந்தது.

கட்டிலில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துப் பார்த்தாள். பிளேடால் உறையைக் கிழித்து, பஞ்சையெல்லாம் கிளறி, ஒன்றும் கிடைக்காத எரிச்சலில் மூலையில் வீசிவிட்டுத் தூங்கப்போனது நன்றாக நினைவிருந்தது. அவள் தைக்கவில்லை. தைக்கவும் தெரியாது. தையல்காரர் பெண்டாட்டிக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியவில்லையே என்று கடைக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள். அவர் ஊசியைத் தொடவிட்டால்தானே!

போன வாரம் செத்துப்போன அந்த மனுஷனுக்குப் பூட்டில் நம்பிக்கை கிடையாது. "பூட்ட எவன் வேணா தொறந்துட்டு மறுபடி பூட்டிடுவான். என் தையலப் பிரிச்சவன் அதே மாதிரி தச்சுக் காட்டட்டும் பாக்கலாம்" என்பார். வீட்டுச் சாவி திரைச்சீலையின் மடிப்புக்குள் இருக்கும். மோதிரம் கோட்டின் தோள்பட்டைக்குள். அவளுக்கென்று ஆசையாக வாங்கிவந்த சங்கிலியை அவள் ஒருநாள்கூடப் போட்டுப் பார்க்கவில்லை, அதற்குள் எதிலோ வைத்துத் தைத்துவிட்டார். "தொலஞ்சு போயிடும்டி" என்றார். அவள் ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்தாலும் அதே முகத்தோடுதான் பார்த்துக்கொண்டிருப்பார்.

உயிலும் அப்படித்தான் எங்கோ துணிக்குள் இருக்க வேண்டும். அவர்கள் கல்யாணத்துக்குப் பதிவும் கிடையாது, சாட்சியும் கிடையாது. உயில் இல்லையென்றால் சட்டத்தின் கண்ணுக்கு அவள் யாரோ. மூத்த தாரத்து மகன் காலையிலேயே போனில் கறாராகப் பேசிவிட்டான்.

"சித்தி, சாயங்காலம் வீடு பாக்க ஆள் வருது. உயில் இருந்தா எடுத்து வைங்க. இல்லன்னா பெட்டியக் கட்டி வைங்க."

"எழுதி வச்சிருக்கேன்னு உங்கப்பாதான் சொன்னாரு தம்பி."

"சொல்லுவாரு, சொல்லுவாரு. கையெழுத்தக் காட்டுங்க, கும்பிடு போட்டுட்டுப் போயிடறேன்."

தலையணையை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அவர் இடக்கைக்காரர், அவர் தையல் மற்றவர்களுடையதற்கு எதிர்ப்பக்கம் சாயும். இதுவும் அப்படித்தான் சாய்ந்திருந்தது. நூலின் நுனியை விரலால் தொட்டாள். கத்தரிக்கோல் வைக்காமல் பல்லால் கடித்துத் துண்டிப்பது அவர் பழக்கம். நுனி ஈரமாக இருந்தது.

தலையணையைக் கீழே போட்டாள். எழுந்து ஓடிவிடலாம்தான். எங்கே ஓடுவது? போக்கிடம் என்று ஒன்று இருந்தால் இப்படி ஒரு வாரமாகக் கிழிசல்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாளா? காற்று வரட்டும் என்று ஜன்னலுக்குப் போய்த் திரைச்சீலையை ஒதுக்கப் பார்த்தாள். இரண்டு பாதிகளும் பிரிய மறுத்தன. மேலிருந்து கீழ்வரை நடுவில் சேர்த்துத் தைத்திருந்தது.

விளக்கைப் போட்டாள். மழைக்கால மாலையின் மங்கல் மூலைகளில் அப்படியே தங்கிவிட்டது. கடையிலிருந்து அவர் உடம்போடு கொண்டுவரும் மெஷின் எண்ணெய் வாசனையும் புதுத்துணியின் கஞ்சி வாசனையும் அறைக்குள் மெல்ல ஏறின. எங்கோ மிக அருகில் தடித்த துணிக்குள் நூல் இழுபடுவதுபோல ஒரு சத்தம், சர்ரென்று வந்து, நின்று, மறுபடி சர்ரென்று வந்தது. அவள் மூச்சை அடக்கினாள். சத்தமும் அடங்கியது.

அப்போதுதான் மெத்தையைப் பார்த்தாள். வீட்டில் எல்லாவற்றையும் பிரித்தாகிவிட்டது, அவர் உயிர்விட்ட அந்தப் பெரிய பஞ்சு மெத்தையைத் தவிர. அதை வெயிலில் போடக்கூட அவர் விட்டதில்லை. மண்டையில் அடித்துக்கொண்டாள்.

கால்மாட்டுப் பக்கத் தையலை அகலமாகப் பிரித்தாள். பஞ்சை வெளியே அள்ளி அள்ளிப் போட்டு, முழங்கை வரை கையை விட்டதும் விரலில் காகிதம் தட்டியது. இழுத்தாள். அவர் கையெழுத்தேதான். இந்த வீடு முழுவதும் என் மனைவிக்கே என்று இருந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்த வரியைப் படித்தாள். "யார் என்ன சொன்னாலும் என் மனைவி இந்த வீட்டை விட்டு", அதோடு பக்கம் முடிந்திருந்தது. வெளியேற வேண்டியதில்லை என்று அவளே முடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். பாவி மனுஷா, உன்னைப் போய்த் திட்டினேனே!

கையெழுத்தும் சாட்சிகளும் இரண்டாம் பக்கத்தில் இருக்க வேண்டும். அது இல்லாமல் இந்தத் தாள் வெறும் காகிதம்.

மறுபடி கையை விட்டாள். தோள்வரை விட்டாள். தாளின் விளிம்பு விரலில் பட்டு, உள்ளே நழுவியது. தலையை நுழைத்தாள். இருட்டு. பஞ்சு மூக்கில் ஏறியது. இடுப்புவரை ஊர்ந்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்... கிடைத்துவிட்டது. கசங்காமல் பிடித்துக்கொண்டாள்.

வெளியே இருந்த குதிகாலில் ஏதோ சுருக்கென்று குத்தியது.

காலை வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டாள். மற்றக் காலிலும் குத்தியது. அதையும் இழுத்தாள்.

இழுத்த பிறகுதான் புரிந்தது.

சர்ர்.

திரும்ப முடியவில்லை. உதைத்தாள். வெளியே அள்ளிப்போட்ட பஞ்சு திரும்ப வந்து காலைச் சுற்றி அடைந்தது, பாதத்தில் துணி இறுகியது. சர்ர். வெளிச்சம் ஒரு கீற்றாயிற்று. சர்ர். அதுவும் போயிற்று. பல்லால் நூல் அறுபடும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

எவ்வளவு நேரமோ. வாசல் கதவு திறந்தது. செருப்புச் சத்தம்.

"சித்தி?"

தம்பி! கத்தினாள். வாய்க்குள் பஞ்சுதான் போயிற்று.

"யாருமே இல்லையே?" இன்னொரு குரல்.

"கிளம்பிட்டாங்க போல. நல்லதாப் போச்சு, சண்ட மிச்சம். உக்காருங்க சார், பேசுவோம்."

நெஞ்சின்மேல் பாரம் இறங்கியது. கையிலிருந்த தாள் நசுங்கியது. தலைக்கு மேல் அவர்கள் வீட்டின் விலையைப் பேசத் தொடங்கினார்கள். அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

முதுகுக்குப் பின்னால், பஞ்சுக்குள், யாரோ தூக்கத்தில் புரள்வதுபோலப் புரண்டு நெருங்கி, அவள் இடுப்பின்மேல் கையைப் போட்டுக்கொண்டார்கள்.