வெட்டாமல் விட்ட மண்

மாலை ஆறேகாலுக்குக் கடைசி டிப்பர் கேட்டைத் தாண்டியபோது, குழியின் நடுவில் நின்ற மண்தூண் கரையைவிட ஒரு சாண் உயரமாக இருந்தது.

சுபலட்சுமி ஆபீஸ் கொட்டகை வாசலில் நின்று அதைப் பார்த்தாள். கிராவல் மண் வெட்டும்போது நடுவில் அப்படி ஒரு தூணை விட்டுவைப்பார்கள். பழைய தரை எந்த உயரத்தில் இருந்தது, எவ்வளவு ஆழம் வெட்டியிருக்கிறது என்பதை அளக்க வருகிறவர்களுக்கு அது காட்டும். அதன் தலையும் குழியின் கரையும் ஒரே மட்டத்தில்தான் இருக்க முடியும். காலையில் அப்படித்தான் இருந்தன.

நாளைக் காலை அதிகாரிகள் அளக்க வருகிறார்கள். அளவு சரியாக இருந்தால் கிழக்கே இன்னும் நாலு ஏக்கர் வெட்ட அனுமதி கிடைக்கும். கோளாறு தெரிந்தால் இருக்கிற குத்தகையும் போய்விடும். கணவன் இறந்த பிறகு இந்தக் குழியை அவள்தான் நடத்துகிறாள். குழிக்கு ஒரு ஆம்பளை வேண்டும் என்று கணவனின் தம்பி வெள்ளைத்துரை திருவாதவூர் டீக்கடை வரை சொல்லிவைத்திருந்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அளவைக் கெடுக்க அவன்தான் ஆள் விட்டுத் தூணில் மண் ஏற்றியிருப்பான் என்று நினைத்தாள்.

பைக்கை எடுத்துக்கொண்டிருந்த அழகுபாண்டியைக் கூப்பிட்டாள். மண் வெட்டும் ஹிட்டாச்சி ஓட்டுகிறவன். அவன் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"மண்ணு தானா வளந்தா நமக்கு லாபந்தானக்கா."

இருவரும் குழிக்குள் இறங்கினார்கள். பகல் முழுக்கக் காய்ந்த செம்மண்ணின் சூடு செருப்பையும் தாண்டிப் பாதத்தில் ஏறியது. டீசல் வாடையும் புழுதியும் மெல்ல அடங்க, அவற்றுக்கு அடியிலிருந்து வேறொரு வாசனை வந்தது, ஆழ்கிணறு வெட்டும்போது கடைசியில் கிளம்புமே, வெயிலே பட்டிராத அந்தக் குளிர்ந்த மண்ணின் வாசனை. எங்கோ ஒரு சுரண்டல் சத்தம். ரோட்டில் வண்டி போகிறது என்று அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

தூணின் தலையில் நின்ற ஆவாரஞ்செடி அப்படியே இருந்தது. யாரும் மண் ஏற்றவில்லை. அழகுபாண்டி கீழே குனிந்து பார்த்தான். எழுந்தபோது முகத்தில் சிரிப்பில்லை.

ஹிட்டாச்சியின் பக்கெட் பற்களின் தடம் தூணில் மேலிருந்து கீழே வரிவரியாக இறங்கி, முழங்கால் உயரத்தில் நின்றுபோயிருந்தது. அதற்குக் கீழே பல் தடமே இல்லை. வாழைத்தண்டை வகிர்ந்தது போல வழவழப்பு. தொட்டால் ஈரம்.

"தூணு வளரலக்கா. தரை எறங்கியிருக்கு."

தரை இறங்கினால் கரை எப்படித் தாழும் என்று கேட்டாள். அவன் கரையைப் பார்த்தான். கொட்டகையை, ரோட்டை, அதற்கப்பால் இருந்த வயலைப் பார்த்தான். எல்லாம் சேர்ந்துதான் இறங்கியிருக்கிறது என்றான். பேசிக்கொண்டிருந்தபோதே தடம் முடியும் இடம் அவன் தொடைக்கு வந்திருந்தது.

தூணின் தலையைச் சீவி மட்டமாக்கு என்றாள். அவன் மாட்டேன் என்றான். வீட்டுக்குப் போகலாம், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கெஞ்சினான். இப்போது போனால் நாளை ஆபீஸ் நாற்காலியில் யார் உட்காருவார்கள் என்று கேட்டாள்.

"நான் போறேக்கா. நீங்களும் வந்துருங்க."

"சாவியக் குடுத்துட்டுப் போ."

பைக் சத்தம் தேய்ந்தது. சுரண்டல் சத்தம் தேயவில்லை.

ஹிட்டாச்சியில் அவளே ஏறினாள். ஆபரேட்டர் இல்லாத நாளில் வேலை நிற்கக் கூடாது என்று அவளாகவே ஓட்டப் பழகிக்கொண்டது. சாவியைத் திருப்பினாள். இயந்திரத்தின் கை நீண்டது. தூண் இப்போது கரையைவிட ஒரு ஆள் உயரம் நின்றது. விளக்கு வெளிச்சத்தில் அதன் அடிப்பகுதி பச்சைப் புண் போலப் பளபளத்தது. பக்கெட்டைத் தூக்கி, கரையின் மட்டத்தைக் கண்ணால் பிடித்து, ஓங்கி இழுத்தாள்.

ஆவாரஞ்செடியோடு தலை விழுந்தது.

இன்னும் ஒரு இழுப்பு. மட்டம்.

இன்ஜினை அணைத்தாள். அப்போதுதான் தெரிந்தது, சுரண்டல் சத்தமும் நின்றிருந்தது.

ரோட்டில் வண்டியில்லை. பூச்சிச் சத்தம்கூட இல்லை. எதுவோ கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் திரும்பிய அமைதி.

இறங்கிக் கரைக்கு ஏறினாள். மேற்கே செம்மை கொஞ்சம் மிச்சமிருந்தது. அதில் யானைமலை கறுப்பாக நின்றது. உயரமாக. இத்தனை வருஷம் பார்த்த மலை அதில் பாதிதான் இருக்கும். அந்தப் பக்கம் தரை இங்கிருப்பதைவிட இன்னும் ஆழமாக இறங்கியிருந்தது. அடிவாரத்தில் ஒரு பட்டை. புதிதாக வெட்டிய நிறம். வழவழப்பு. அதற்குத் தெற்கே தூரத்தில் நாகமலை. அதன் அடியிலும் அதே பட்டை. நடுவில், வெகு கீழே, மதுரையின் விளக்குகள்.

தட்டையான சமவெளி. அங்கங்கே ஒற்றை மலை.

வெட்டாமல் விட்டவை.

பழைய தரை அந்த மலைகளின் தலையில். அம்புட்டு உயரத்தில். ஊர், ஆறு, வயல், அவளுடைய குழி. எல்லாமே குழியின் தரை. வேலை முடிந்துவிடவில்லை. யாரோ நடுவில் நிறுத்தியிருந்தார்கள். இப்போது விரிவாக்குகிறார்கள்.

அவர்களுடைய அடையாளம் ஒன்றை அவள் சீவிவிட்டாள்.

தலையில் ஏதோ விழுந்தது. தடவிப் பார்த்தாள். பொடிமண். ஈரம். மறுபடி உதிர்ந்தது. தோளில். கையில்.

நிமிர்ந்தாள். உச்சியில் நட்சத்திரம் இல்லை. ஓரங்களில் இருந்தன. அவையும் ஒவ்வொன்றாக மறைந்தன. மலைகளுக்கும் மேலே இருந்து, அகலமாக, மெதுவாக, எதுவோ குனிந்துகொண்டிருந்தது. குளிர்ந்த மண்ணின் வாசனை மூக்கை அடைத்தது.

கேட் திறந்துதான் கிடந்தது. ஓடலாம். அவள் ஓடவில்லை. மறுபடி குழிக்குள் இறங்கி, குட்டையாகிப்போன தூணின் முன்னால் போய் நின்றாள். முகத்தில் விழுந்த மண்ணைத் துடைக்காமல் மேலே பார்த்தாள்.

"இது என் பேருல இருக்கிற எடம். யாரக் கேட்டு வெட்டுறீங்க?"