தூசியென்று துடைத்த நிலா

போடிநாயக்கனூரில் அன்று காலை அங்கயற்கண்ணியின் வாசலை ஒரு குரோட்டன்ஸ் தொட்டி கடந்துபோனது. பின்னாலேயே இன்னொன்று, பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எல்லார் மூக்கின் மேலும் துலக்கி ஏறிவிட்ட காலம் அது. கண்ணாடிதான், ஆனால் பார்க்க விரும்புவதை மட்டும் காட்டும். குப்பைமேடு, சாக்கடை, மாப்பிள்ளையின் முகப்பரு என்று வேண்டாததையெல்லாம் துடைத்துவிட்டு அந்த இடத்தில் அழகாக ஒட்டுப்போட்டுவிடும். மனிதர்களையும் துடைக்கலாம். ஆளைப் பார்த்து இடது கண்ணை இரண்டு தடவை மூடித் திறந்தால் போதும். அன்றோடு அவர் உருவமும் குரலும் உங்களுக்குக் கிடையாது. மோதிக்கொள்ளாமலிருக்க, அவர் இருக்குமிடத்தில் ஒரு தொட்டி மட்டும் தெரியும். எல்லாருக்கும் ஒரே மாதிரித் தொட்டி. எது யார் என்று கண்டுபிடிக்க முடியாது. முடிந்தால் அப்புறம் விலக்கியதற்கு என்ன மரியாதை?

குடும்பச் சண்டைகள் பாதியாகக் குறைந்தன. குடும்பங்களும்தான். கல்யாணப் பந்தியில் ஜென்ம விரோதிகள் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்து, பக்கத்துத் தொட்டிக்கு எதற்குப் பாயசம் ஊற்றுகிறார்கள் என்று யோசித்தபடி நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

அங்கயற்கண்ணிக்குப் பதினோரு தொட்டிகள். முதல் தொட்டி, கூடப்பிறந்த அண்ணன் தவமணி. மகள் நறுமுகையின் காதுகுத்தன்று மண்டபம் நிறைய ஜனம், ஆசாரி ஊசியோடு தயார், கிடாய்க்கறி வெந்து மணக்கிறது. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமனைக் காணோம். வேறு மடி பார்க்கலாம் என்றார்கள். மாட்டேன் என்றாள். மறுநாள் வாசலில் வந்து நின்றவன் வாயைத் திறப்பதற்குள் இரண்டு தடவை கண்ணை மூடித் திறந்துவிட்டாள். குழந்தைக்கு அப்போது ஒரு வயது. இப்போது ஆறு. காது இன்னும் மூளிதான்.

"அம்மா, பள்ளிக்கூட வாசல்ல ஒரு தொட்டி நிக்குதும்மா. தினமும்," என்றாள் நறுமுகை, ஷூவை மாட்டியபடி. பிள்ளைகளின் துலக்கி, அம்மாவின் விலக்குகளை அப்படியே எடுத்துக்கொள்ளும்.

"பதினொண்ணுல எதாச்சும் ஒண்ணா இருக்கும். கெளம்பு."

மலைமேல் இருந்த தொலைநோக்கி எடுக்கும் படங்களை ஊருக்குள் உட்கார்ந்து பார்ப்பது அவள் வேலை. துலக்கி பிறந்ததே அந்த அலுவலகத்தில்தான். வானத்தின் படங்களில் விழும் தூசியைக் கழுவ எழுதிய விதி, பிறகு கண்ணாடிக்குள் புகுந்து உலகத்தையே கழுவ ஆரம்பித்தது. இன்றும் இரண்டுக்கும் மூலவிதி ஒன்றே: எதிர்பாராத இடத்தில் சின்னதாக எது தெரிந்தாலும் அது தூசி.

அன்று அலுவலகத்தில் படம் கழுவுகிற துலக்கி படுத்துவிட்டது. சும்மா இருக்க முடியாமல் கழுவாத படங்களைத் திறந்தாள். செட்னா. சூரியனை ஒருமுறை சுற்றிவரப் பதினோராயிரம் வருடம் எடுத்துக்கொள்கிற, அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத குறுங்கோள். மங்கலான செம்புள்ளி. அதன் பக்கத்தில் உப்புக்கல் போல இன்னொன்று.

"சிக்கந்தர், இங்க வா. இது என்ன?"

உதவியாளன் சிக்கந்தர் டீ டம்ளரோடு எட்டிப் பார்த்தான். "தூசிக்கா."

"போன வாரப் படத்துல?"

"அதுவும் தூசிதான்."

"ஏன்டா, தூசி எதுக்குடா செட்னாவைச் சுத்துது?"

டீ ஆறிப்போனது. ஐந்து வருடத்துப் படங்களை வரிசையாக ஓட்டினார்கள். புள்ளி இடப்பக்கம் வந்தது, பின்னால் மறைந்தது, வலப்பக்கம் எட்டிப் பார்த்தது. மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று, பிசகாமல். மதுரைக்கும் திருமங்கலத்துக்கும் இருக்கிற தூரம்தான் அதன் குறுக்களவு. ஒரு நிலா.

முந்தின நாள் காலை, அவள் மொட்டைமாடியில் துணி காயப்போட்டபோது அடித்த அதே வெயிலில் ஒரு துளி, அத்தனை தொலைவு போய், அந்தக் கல்லைத் தொட்டுவிட்டுத் திரும்பி விடிவதற்குள் போடி மலைக்கு வந்திருக்கிறது. தினமும் வந்திருக்கிறது. தினமும் துடைத்திருக்கிறார்கள். மனிதன் முதல் விதையை மண்ணில் ஊன்றிய காலத்திலும், எவரும் பார்க்காத அந்த இருட்டில், இது இப்படித்தான் சுற்றிக்கொண்டிருந்தது. சிக்கந்தர் கையெடுத்துக் கும்பிடலாமா என்று யோசித்து, ஆபீஸ் என்பதால் விட்டுவிட்டான்.

உலக வானியல் சபைக்குப் படத்தை அனுப்பினார்கள். உடனே பதில் வந்தது: "படத்தில் தூசி உள்ளது. கழுவி அனுப்பவும்."

கழுவினால் நிலா போய்விடும். கழுவாவிட்டால் யாரும் நம்பமாட்டார்கள். மிச்சமிருந்தது ஒரே வழி. மூலவிதியில் கைவைக்க உரிமையுள்ள சிலரில் அவளும் ஒருத்தி. ஒரு வரி சேர்த்தாள்: திரும்பத் திரும்ப வருவது தூசி அல்ல.

"அக்கா, நில்லுங்க," என்றான் சிக்கந்தர். "மூலத்துல மாத்துனா ஆபீஸோட நிக்காது. எல்லார் மூக்குக்கும் போகும். நாம வெலக்குன ஆளும் அந்த விதிக்குத் தூசிதான். ஒங்க பதினொண்ணும் எந்திரிச்சு வந்தாலும் வந்துரும்."

விரல் அப்படியே நின்றது. ஐந்து வருட வைராக்கியம். காப்பாற்றி வைத்திருந்த ஒரே சொத்து.

"தவமணியுமா?"

"திரும்பத் திரும்ப வந்தாருன்னா தெரிவாரு. வரலேன்னா தொட்டிதான்."

"அவ்வளவுதான?" என்று சிரித்தாள். "காதுகுத்துக்கே வராத ஆளு. தெனமும் வந்துட்டுதான் மறுவேலை பாப்பானாக்கும்!"

அழுத்திவிட்டாள்.

மத்தியானத்துக்குள் நிலா உலகத்துக்குத் தெரிந்தது. சபை வாழ்த்து அனுப்பியது. அதே நேரத்தில் ஊரெங்கும் தொட்டிகள் குறைய ஆரம்பித்தன. டவுன் பஸ்ஸில் ஒருவர், பக்கத்து சீட்டில் மாமியார் முளைத்ததைப் பார்த்து அலறினார். சாக்கடை அள்ளுகிறவரை முதல்முறையாகப் பார்த்த தெரு, என்ன சொல்வதென்று தெரியாமல் அவருக்கு வழிவிட்டு நின்றது. காலையில் அவசரமாக ஓடிய தொட்டி எதிர்வீட்டு ராமலட்சுமியாம். அவளுக்கு எப்போது நரைத்தது?

அங்கயற்கண்ணி பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். பிறகு, காரணமில்லாமல், ஓடினாள்.

வாசலில், ஐஸ் வண்டிக்குப் பக்கத்தில், தொட்டி நிற்கிற இடத்தில் ஒருவன் நின்றிருந்தான். இளைத்திருந்தான். கையில் துவைத்துத் துவைத்து வெளுத்த மஞ்சப்பை. அதன் வாயிலிருந்து ஒரு பட்டுப்பாவாடையின் ஓரம் தெரிந்தது. ஒரு வயதுக் குழந்தைக்கு எடுத்த அளவு.

ஏன் வரவில்லை என்பதை அவன் இத்தனை வருடமும் சொல்லிக்கொண்டேதான் இருந்திருப்பான். தொட்டி பேசுமா?

மணி அடித்தது. பிள்ளைகள் கொட்டின மாதிரி வெளியே வந்தார்கள். நறுமுகை பாதி வழியில் நின்றுவிட்டாள்.

"அம்மா, தொட்டிக்கு மூஞ்சி வந்துருச்சு!"

தவமணி வழக்கம்போல அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான், பதிலுக்கு எதையும் எதிர்பார்க்காத சிரிப்பு.

"அண்ணே," என்றாள் அங்கயற்கண்ணி.

தவமணி திரும்பி, தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தான்.