ஒன்பதாவது தட்டு

எழுநூற்று இருபது ரூபாய்.

இளம்பரிதி எழில்மதிக்குத் தர வேண்டிய பாக்கி அது. எட்டுத் தோல்வி, தோல்விக்குத் தொண்ணூறு. எண்ணெய்க் கடையில் கொடுத்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, தள்ளுவண்டியின் உள்பக்கம் ஆணியில் மாட்டியிருந்தாள்.

ஆளைத்தான் பத்து நாளாகக் காணோம்.

“ஓடிட்டான்” என்றாள் அம்மா அமிர்தம், மாவைப் பிசைந்துகொண்டே. “கடன் வச்சித் தின்றவன் மூஞ்சிய நான் பாத்ததில்லியா?”

எழில்மதி உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் ரோட்டில் பஸ் நிற்கும்போதெல்லாம் கண் தானாக அங்கே போனது. வேண்டாம் என்றாலும் போனது... பாழாய்ப்போன கண்.

வடக்குத்து ஊரில், நிலக்கரி மைன்ஸுக்குப் போகிற ரோட்டோரம் அவர்கள் பரோட்டா வண்டி. முதல் ஷிப்ட் விட்டு ரெண்டரை மணிக்கு ஆட்கள் வருவார்கள். வண்டிக்கு மேலே ஒரு பலகை. அதில் எழில்மதியே பெயிண்டால் எழுதியிருந்தாள்: ‘சவால் தட்டு. மூணு பரோட்டா, ஊசி மிளகாய்ச் சால்னா. தண்ணீர் தொடாமல் முடித்தால் இலவசம். தொட்டால் இரண்டு மடங்கு.’ ஜெயித்தவர் பெயரைப் பலகையிலேயே எழுதுவாள். ஒருமுறை ஜெயித்தவர் மறுபடி சவாலுக்கு வரக்கூடாது. இதுவரை நாலு பேர் எழுதியாயிற்று.

அவன் வந்த முதல் நாள் நல்ல மழை.

மழைக்குப் பயந்து தார்ப்பாய்க்குள் ஓடி வந்தவன் கம்பத்தில் இடித்தான். மேலே தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் அடுப்புக் கல்மேல் கொட்டியது. சுர்ரென்று புகை... கல்லில் கிடந்த மூணு பரோட்டாவும் நாசம். புகை கலைந்தபோது எதிரே கரித்தூசி அப்பிய ஒரு முகம். அதில் ரெண்டு கண் மட்டும் வெள்ளையாக, கழுவி வைத்த மாதிரி.

“கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?”

“முன்னாலதாங்க இருக்கு. கம்பம்தான் குறுக்க வந்துடிச்சி.”

“நனஞ்ச பரோட்டாவுக்கு யாரு காசு குடுப்பா?”

“என் தட்டுல வைங்க. நானே தின்னுட்றேன்.”

கோபத்தில் அவற்றின்மேல் சவால் சால்னாவை ஊற்றி நீட்டினாள். ரெண்டு வாய்தான். விக்கல் வந்தது, மூக்கு ஒழுகியது, உதடு வீங்கியது. டம்ளரை எடுக்கவில்லை, சொம்போடு தூக்கிக் கவிழ்த்துக்கொண்டான். சட்டைப்பையில் பஸ் பாஸும் இருபது ரூபாயும் இருந்தன.

“எழுதிக்குங்க. சம்பளத்தன்னிக்கு தர்றேன்.”

“எங்க வேல? பர்மனென்ட்டா?” என்றாள், குரலில் முள்ளோடு.

“காண்ட்ராக்டுங்க. கரி போற பெல்ட்டுக்கு அடியில கொட்றத அள்ளிப் போட்றேன்.”

அவள் ஒரு நிமிடம் அவனைப் பார்த்தாள். ரெண்டு வருஷத்துக்கு முன் துரைராஜ் என்று ஒருவன் அவளை நிச்சயம் செய்துகொண்டான். பர்மனென்ட் என்று சொல்லி, அண்ணனுடைய அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தவன். அவனும் காண்ட்ராக்ட்தான் என்று தாம்பூலம் மாற்றிய பிறகுதான் தெரிந்தது. நிச்சயம் முறிந்தது. காண்ட்ராக்ட் என்பதில் அவளுக்கு வருத்தமில்லை. சிரித்துக்கொண்டே சொன்னானே அந்தப் பொய்... அன்றிலிருந்து எழில்மதி சில்லறையைக்கூட ரெண்டு தரம் எண்ணுவாள். யார் நல்ல வார்த்தை பேசினாலும், இதற்கு என்ன விலை என்று மனசு கேட்கும்.

இவன் ஏன் உண்மையைச் சொன்னான்? இதில் என்ன சூது?

இளம்பரிதி மறுபடி வந்தான். திங்கள், வியாழன் தவறாமல் வந்தான். ரெண்டாவது தட்டில் நாலு வாய். மூன்றாவதில் முழுசாக ஒரு பரோட்டா. நாலாவது தட்டில் விக்கலே இல்லை... உச்சந்தலையில் மட்டும் முத்து முத்தாக வியர்வை. எழில்மதிக்குச் சந்தேகம் தலைக்கேறியது.

“வாயத் தொறங்க.”

“என்னங்க?”

“நாக்க நீட்டுங்க. நெய் தடவிக்கினு வந்திருக்கீங்களா பாக்கணும்.”

ஆஸ்பத்திரியில் நீட்டுவதுபோல நாக்கை நீட்டினான். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் குனிந்து பார்த்தாள். நெய் இல்லை, வெண்ணெய் இல்லை. செக்கச்செவேலென்று பாவமாக ஒரு நாக்கு. நிமிர்ந்தபோது அவன் கண் மிகப் பக்கத்தில் இருந்தது. சட்டென்று பின்வாங்கி, சுடாத கரண்டியைச் சுட்டதுபோல உதறினாள்.

“எப்படி முடியுது?”

“பழக்கந்தாங்க. தெனம் மதியம் தயிர்சோத்துக்கு ஊசி மிளகா கடிச்சிக்கிறேன். மொத வாரம் அரை. அப்புறம் ஒண்ணு. இப்ப ரெண்டு. மொத நாலு நாள் காது அடச்சிக்கும்... அப்புறம் நாக்கு சரின்னு ஒத்துக்கும்.”

“யாருகிட்ட கத வுட்றீங்க?” என்றாள். நம்பவில்லை.

மறுநாளே அடுப்போரம் ஒரு சின்னச் சட்டி ஏறியது. அதில் மிளகாய் இன்னும் ஒரு கை அதிகம். அவனுக்கென்று தனி. திருட்டுப்பயலைத் தோற்கடிக்கத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவன் பழகப் பழக அவளும் ஏற்றினாள். அவன் மூன்றாவது பரோட்டாவைத் தொடும்போது மட்டும் அவள் நெஞ்சு ஏன் அப்படி அடித்துக்கொண்டது... அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அவனுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. எட்டாவது தட்டு அன்று, கூட வேலை செய்யும் சுபாஷும் ஒரு சவால் தட்டு வாங்கினான். ரெண்டு சால்னாவும் ஒரே நிறமாக இல்லை. அவள் கல் பக்கம் திரும்பிய நேரத்தில் இளம்பரிதி தட்டை மாற்றி வைத்துவிட்டான்.

சுபாஷ் ஒரு வாய்தான் வைத்தான்.

“யப்பா... யம்மா...” எழுந்து ஓடி, தண்ணி டிரம் குழாய்க்கு அடியில் வாயை வைத்துக்கொண்டான். அப்படியே தலையை மட்டும் திருப்பி, “தங்கச்சி, இதுல என்ன போட்டிருக்க? மிளகாவா, மைன்ஸ்ல வெக்கிற வெடியா?” என்றான்.

இளம்பரிதி அவளைப் பார்த்தான். “எனக்கு மட்டும் தனிச் சட்டிங்களா?”

எழில்மதிக்குக் காது மடல் வரை சூடு ஏறியது. “இஷ்டமிருந்தா தின்னுங்க. இல்லன்னா எழுந்து போங்க.”

அவன் போகவில்லை. அந்தத் தட்டையே திரும்ப இழுத்து நிதானமாகச் சாப்பிட்டான். ரெண்டரை பரோட்டா முடிந்தது. விக்கல் இல்லை, கை நடுக்கம் இல்லை. இன்னும் நாலே வாய்... அப்போது கையை நீட்டி, டம்ளரை எடுத்து, மெதுவாகக் குடித்தான்.

“தோத்துட்டேன். எழுதிக்குங்க.”

அதுதான் கடைசி. அதற்குப் பிறகு பத்து நாள் வரவில்லை.

ஜெயிக்க முடிந்தவன் ஏன் தோற்றான்? பாக்கியை ஏற்றிவிட்டு ஓடவா? எழுநூற்று இருபது ரூபாய்க்கு ஒருவன் ஒரு மாதமா நாக்கைப் பொசுக்கிக்கொள்வான்? இல்லை, தனிச் சட்டியைப் பார்த்து வெறுத்துவிட்டானா... கேள்வி மேல் கேள்வி. ஆனாலும் தினமும் அந்தச் சின்னச் சட்டி அடுப்பில் ஏறியது. தினமும் மாலையில் அதை அவளே கொட்டினாள். அமிர்தம் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டது வேறு. “ஞாயித்துக்கிழம குறிஞ்சிப்பாடிலேர்ந்து பொண்ணு பாக்க வரட்டுமான்னு கேக்கறாங்க. பையன் சொந்தத் தறி வச்சிக்கினு இருக்கான். நான் என்ன சொல்லட்டும்?”

“வெள்ளிக்கிழம சொல்றேம்மா.”

இன்று வெள்ளிக்கிழமை. மணி மூன்று. வானம் கரிமேடு மாதிரி இருண்டு, மழை பிடித்துக்கொண்டது. வண்டியில் வேறு ஆள் இல்லை. சரி, ஏமாற்றுக்காரன்தான்... குறிஞ்சிப்பாடிக்காரர்களை வரச் சொல்லிவிடலாம் என்று அவள் வாயைத் திறந்த நேரம், பஸ்ஸிலிருந்து ஒருவன் இறங்கி ஓடி வந்தான். இந்த முறை கம்பத்தைப் பார்த்து, தலையைக் குனிந்து, பத்திரமாக உள்ளே வந்தான்.

“சவால் தட்டு ஒண்ணு.”

“மொதல்ல பாக்கி.”

“தட்ட வைங்க. அப்புறம் எல்லாம்.”

சின்னச் சட்டியைக் கவிழ்த்தாள். அவன் சாப்பிட்டான். ஒன்று முடிந்தது. ரெண்டு முடிந்தது. கண் சிவந்தது, அவ்வளவுதான். ஊருக்குப் போய் ஒரு வாரம் தங்கி வருகிற பழைய கிராக்கிகள் எல்லாம் முதல் வாயிலிருந்து அழுவார்கள். அது அவளுக்குத் தெரியும்.

“பத்து நாள் வுட்டா நாக்கு மறந்துடும்” என்றாள். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. “உங்களுக்கு மறக்கல. எந்தக் கடையில தின்னுகினு இருந்தீங்க?”

அவன் நிமிர்ந்தான். அது பாக்கி கேட்கிற குரல் இல்லை என்று அவனுக்கும் புரிந்தது. சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். உள்ளே வாடிப்போன மூணு ஊசி மிளகாய்.

“ரெண்டாவது மைன்ஸுக்கு மாத்திட்டாங்க. பஸ்ஸு இந்தப் பக்கமே வராது. லீவும் இன்னிக்குத்தான் குடுத்தாங்க. தெனம் மூணு தின்னேன். இல்லன்னா உங்க காரம் மறந்துடுமேன்னு பயம்.”

“இத நான் நம்பணும்.”

“வேணாங்க. நீங்க எதயும் நம்ப மாட்டீங்கன்னு தெரியும். நாக்கு சொல்லுது, அத நம்புங்க.”

“அன்னிக்கி ஏன் தண்ணி குடிச்சீங்க? நாலு வாய்தான் இருந்திச்சி.”

அவன் பலகையைப் பார்த்தான். “ஜெயிச்சா பேர எழுதி அனுப்பிடுவீங்க. அப்புறம் நான் என்ன சொல்லிக்கினு இங்க வருவேன்?” மிளகாய்ப் பொட்டலத்தை மடித்தான். “நீங்க ஏன் தனிச் சட்டி வச்சீங்க?”

எழில்மதி கல்லைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

“அதுக்குத்தான்” என்றாள், அவனைப் பார்க்காமல். “பேர எழுதக் கூடாதுன்னுதான்.”

சொன்ன மறுகணமே பழைய சந்தேகம் தலை தூக்கியது. ஒருவேளை இன்று அம்மா காரத்தைக் குறைத்திருப்பாளோ? அவன் தட்டிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். அவள் காரமே சாப்பிடமாட்டாள். இத்தனை பேரை அழவைத்தவளுக்கு இட்லிப்பொடிகூட ஆகாது. நாக்கு, தொண்டை, காது... எங்கும் தீ. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அவன் தன் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினான். ஒரே மூச்சில் குடித்தாள்.

“தண்ணி தொட்டுட்டீங்க. தோல்விதாங்க.”

“பேசாதீங்க” என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள். இந்தக் காரத்தையா ஒரு மாதம்...

அவன் பணத்தை எடுத்து வைத்தான். எழுநூற்று இருபது. சரியாக. பின்னாலிருந்து வந்த கை அதை எடுத்தது. அமிர்தம். ரெண்டு தரம் எண்ணினாள். ஐந்நூறு ரூபாய்த் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“தம்பி, சொந்த வூடு?”

“இல்லங்க. வாடகைதான்.”

“பர்மனென்ட் ஆவுமா?”

“ஆவும்னு சொல்றாங்க. எனக்கு நம்பிக்க இல்ல. மாசம் இருவத்தாறு நாள் வேல இருக்கு. அம்மா இருக்காங்க. கடன் இது ஒண்ணுதான்.”

அமிர்தம் மகளைப் பார்த்தாள். கொட்டிக் கழுவிய சின்னச் சட்டியை இந்தப் பத்து நாளும் பார்த்தவள். பணத்தை அவன் கையிலேயே திரும்ப வைத்தாள்.

“கள்ளச் சட்டி வச்சி வாங்குன காசு எங்களுக்கு வேணாம். பூவும் பழமும் வாங்கிக்கினு ஞாயித்துக்கிழம உங்கம்மாவக் கூட்டியா. பொய்யி ஏதாவது இருந்திச்சி... இதே சால்னாவ மூஞ்சில ஊத்துவேன்.” நகர்ந்தவள் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். “குறிஞ்சிப்பாடிக்கு நான் சொல்லிக்கிறேன்.”

தட்டில் அரை பரோட்டா மீதி இருந்தது. அவன் அதை எடுக்கப் போனான். எழில்மதி டம்ளரை நிரப்பி அவன் முன்னால் வைத்தாள்.

“குடிங்க.”

“குடிச்சா தோத்துடுவேனே.”

“குடிங்கன்றேன்.”

குடித்தான். அவள் காலண்டர் தாளை ஆணியிலிருந்து எடுத்து, எட்டு வரியின் மேலும் ஒரே கோடாக இழுத்தாள். ஒன்பதாவதை எழுதவே இல்லை.