புரதநோக்கிக்கு ஒரு நெற்றி

செவ்வாய்க் கோளின் செம்புலம் குடியிருப்பில் பிள்ளை பிறந்தால், முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ரத்தத்தைப் பார்ப்பார்கள். குதிகாலில் ஒரு சொட்டு எடுத்துப் புரதநோக்கி என்ற பெட்டியின் கண்ணாடியில் வைத்தால் போதும். மூக்கு யார் ஜாடை என்ற வழக்கெல்லாம் அப்புறந்தான்.

அந்தப் பெட்டியைப் பாராட்டாமல் இருக்க முடியாது. கிருமி ரத்தத்தில் இறங்கியதும் உடம்பு சில புரதங்களை அவசரமாகச் சுரக்கிறது. காய்ச்சல் வருமுன்னே, பிள்ளை துவளுமுன்னே அவை ஏறிவிடும். புரதநோக்கி ஒளியைப் பாய்ச்சி அவற்றை அளந்துவிடும். பூமியில் ஒரு காலத்தில், குப்பியில் கிருமி வளரட்டும் என்று நாள்கணக்கில் காத்திருந்தார்களாம். பச்சைப்பிள்ளை காத்திருக்குமா?

காற்றுக்குழாய் பழுதுபார்க்கும் தணிகாசலத்துக்கும் பூங்கோதைக்கும் வெகுகாலம் கழித்து ஒரு மகள் பிறந்தாள். அவளுடைய சொட்டைப் பார்த்ததும் புரதநோக்கி சிவப்பாக எரிந்து அறிவித்தது: "ரத்தத்தில் கிருமி. உடனே மருந்து."

"நல்லாத்தானே தூங்குறா, டாக்டரம்மா?" என்றான் தணிகாசலம்.

"பாலுக்குக்கூட முழிக்காத தூக்கம் நல்ல தூக்கம் இல்லண்ணே," என்றபடியே டாக்டர் நஸ்ரின் மருந்தை ஏற்றத் தொடங்கினார்.

மறுநாள் மகள் வீறிட்டு அழுது பால் குடித்தாள். தணிகாசலத்துக்குத் தலைகால் புரியவில்லை. "சாமி, இனிமே நீதான் எங்க குலதெய்வம்!" என்று பெட்டியைக் கட்டிக்கொண்டான். ஆயுதபூசைக்கு வைத்திருந்த சந்தனத்தைக் குழைத்து, நடுவில் குங்குமம் வைத்து, பெட்டியின் நெற்றியில் அழுத்தமாக ஒரு பொட்டு வைத்தான். அவன் நெற்றி என்று நினைத்த இடம் அந்தக் கண்ணாடி.

மாலையில் அவசரத்தில் வைத்த சொட்டுக்குப் புரதநோக்கி பச்சை காட்டியது. "நோய்ப் புரதம் பூச்சியம்."

"அடி சக்கை! அப்ப மருந்த நிறுத்திடலாம்ல?" என்றான் தணிகாசலம்.

நஸ்ரினின் கை மருந்துக்குழாயை மூடப் போய்விட்டது. சட்டென்று நின்றார். "நல்லா இருக்கிற ஆளுக்கே கொஞ்சம் இருக்குமே, பூச்சியம் எப்படி வரும்?" குனிந்து பார்த்தால், ஒளியை மறைத்துக்கொண்டு கண்ணாடியில் சந்தனம்! அழுத்தித் துடைத்தார். புதுச் சொட்டு வைத்தார். சிவப்பு! முன்னைக்குக் குறைந்திருந்தது, ஆனாலும் சிவப்புதான்.

"பொட்டு வெச்சே புள்ளைய வாரிக் குடுக்கப் பாத்தியே, பாவி மனுசா!" என்று பூங்கோதை அலறினாள்.

மருந்து தொடர்ந்தது. உண்மையான பச்சை எரிந்த பிறகுதான் மகள் வீடு போனாள்.

பெட்டியைச் செய்தவர்கள் கதிர்வீச்சை யோசித்திருந்தார்கள், தூசிப்புயலை யோசித்திருந்தார்கள், தணிகாசலத்தை யோசிக்கவில்லை. பொட்டு வைக்காதே என்றால் நம் ஆட்கள் கேட்பார்களா? ஆகவே அடுத்து வந்த பெட்டியில், கண்ணாடிக்கு மேலே, பொட்டு வைக்கவென்றே பளபளவென்று ஒரு பித்தளைத் தகடு பதித்தார்கள். அதற்கு வேறு வேலையே கிடையாது.

இப்போது பிள்ளை பார்க்க வருகிற அத்தனை பேரும் அந்தத் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதே கையால் பிள்ளையைத் தூக்குகிறார்கள். பக்கத்துச் சுவரில் கை கழுவும் குழாய் ஒன்று இருக்கிறது. அதைத் தொடத்தான் ஆளில்லை.