நிழலுக்கு ஒரு சடுகுடு

முள்ளுக்குறிச்சிச் சந்தையில் ஒரே ஒரு புளியமரம்தான் இருந்தது. ஆனால் நல்ல பெரிய மரம். அதன் நிழலில் யார் கடை போடலாம் என்பதைச் சந்தைக் குத்தகைக்காரர் அர்த்தனாரி முடிவு செய்வார். அவருக்குச் சடுகுடு என்றால் உயிர்.

"சடுகுடுக் கோஷ்டி வச்சிருக்கற ஊருதான் ஊரு. அதுக்குத்தான் நெழலு. மத்ததெல்லாம் சும்மா நாலு ஊடு, அவ்வளவுதான்!" என்பார்.

சிறுமி அத்தாயியின் அம்மா பழனாயி, கொல்லிமலையின் ஆலத்தூர் நாட்டிலிருந்து மிளகும் பலாப்பழமும் சுமந்து இறங்குவாள். அவர்களுக்கு ஏது கோஷ்டி? அதனால் வெயிலில்தான் இடம். அம்மாவின் முந்தானையை விரித்துப் பிடித்து, அத்தாயி தன் கைக்குழந்தைத் தம்பிக்கு நிழல் கொடுப்பாள். கை வலிக்கும். நிழலில் இருப்பவர்கள் அவர்களைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பது அதைவிட வலிக்கும்.

ஒரு நாள் அப்பா குப்புசாமி துணிந்து கேட்டார்.

"ஏனுங்க, நாங்களும் கோஷ்டி சேத்தா நெழலு குடுப்பீங்களா?"

அர்த்தனாரி குலுங்கிச் சிரித்தார். "என் முள்ளுக்குறிச்சிக் கோஷ்டிய ஜெயிச்சுக் காட்டுங்க, தாரேன். உங்க மலையிலயே ஆடலாம். எனக்கென்ன பயம்?"

"அவங்க வராமப் போயிட்டாங்கன்னா?" என்று அத்தாயி குறுக்கே கேட்டாள்.

"உச்சிப் பொழுதுக்குள்ள வரலீன்னா நீங்க ஜெயிச்ச மாதிரிதான் கண்ணு!"

ஆட்ட நாளும் வந்தது. மலை முழுக்க ஒரே மூடுபனி. முந்தின நாளே டோலியில் வந்து சேர்ந்துவிட்ட அர்த்தனாரி, சங்கிலிக் கடிகாரத்தை எடுத்து எடுத்துப் பார்த்தார். அவரைத் தூக்கி வந்தவர்கள் இன்னும் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். காலையில் மலையேறக் கிளம்பிய அவருடைய கோஷ்டியைக் காணோம்.

ஆலத்தூர் நாட்டுக் கோஷ்டி குளிரில் நடுங்கியபடி தயாராக நின்றது. அப்பா மிளகு பறிப்பதில் கெட்டிக்காரர். ஆனால் சடுகுடு பாடும்போது நடுவில் மூச்சு விடக்கூடாது என்பதே அவருக்கு முந்தின நாள்தான் தெரியும்.

அத்தாயி குடத்துடன் சுனைக்குப் போனாள். அங்கே, பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"யாராச்சும் இருக்கீங்களாங்க?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. கோஷ்டி வழி தவறிவிட்டது. அந்தக் குரல் அவள் காதில் மட்டும்தான் விழுந்திருக்கிறது.

மெதுவாகத் தண்ணீர் மொண்டாள். ஒன்றும் கேட்காததுபோல் திரும்பிப் போனால் போதும். உச்சிப் பொழுது ஆகிவிடும். தம்பிக்கு நிழல் கிடைத்துவிடும்.

"ஐயோ, இன்னொண்ணு ஏறுது! சாமி, யாராச்சும் வாங்களேன்!"

பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பவர்களை நினைத்தாள். கேட்டும் கேட்காததுபோல் போனால், தானும் அவர்களில் ஒருத்திதானே? யாருக்கும் தெரியாதுதான். ஆனால் அவளுக்குத் தெரியுமே! குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஓடினாள்.

பள்ளத்தில் ஒரே ஒரு பாறை. அதன்மேல் ஏழு தடியர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆளைத் தூக்கி எறியும் கைகள் எல்லாம் காலில் ஏறிய அட்டைகளைத் தொடக்கூட அஞ்சின. அவள் அவற்றைக் கிள்ளி எறிந்தாள்.

"இந்தப் பக்கம் ஏனுங்க வந்தீங்க?"

"தடம் அகலமா இருந்துச்சு. ஊருக்குத்தான் போகும்னு நெனச்சோம்," என்றார் கோஷ்டித் தலைவர் கருப்பண்ணன்.

"இது மாடு தண்ணி குடிக்கப் போற தடமுங்க! முள்ளுக்குறிச்சியில ஆடு மேய்க்கறவங்களுக்குக்கூட மலைவழி தெரியுமே, உங்களுக்குத் தெரியாதா?"

"நாங்க எங்க கண்ணு முள்ளுக்குறிச்சி? நான் முசிறி. இவன் ஆத்தூரு. அவன் தாரமங்கலம். கூலிக்கு ஆட வந்தவங்க. போன மாசம் திருச்செங்கோட்டுக்கு ஆடுனோம். முள்ளுக்குறிச்சியில நேத்து ராத்திரி இட்டிலி தின்னதோட சரி!"

அத்தாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பனிக்குள்ளிருந்து அவர்களோடு அவள் வெளிப்பட்டபோது, அர்த்தனாரி துள்ளிக் குதித்தார். உச்சிப் பொழுதுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. அப்பா அவளைப் பார்த்தார்.

"நீயா கூட்டியாந்தே?"

"ஆமாங்கப்பா. பயந்துபோய் நின்னாங்க."

அப்பா பெருமூச்சு விட்டார். பிறகு அவர், "செரி, மொதல்ல அவங்களுக்குக் கஞ்சி ஊத்தச் சொல்லு சாமி. களைச்சுப்போய் வந்திருக்காங்க," என்றார்.

கஞ்சி குடித்த கையோடு ஆட்டம் தொடங்கியது. விரைவிலேயே முடிந்தும் போனது. அப்பா பாடிக்கொண்டே போய், பாதியில் தும்மினார். மீதிப் பேரைக் கருப்பண்ணன் கோழிக்குஞ்சு பிடிப்பதுபோல் பிடித்துப் போட்டார்.

"முள்ளுக்குறிச்சி ஜெயிச்சாச்சு!" என்று அர்த்தனாரி கூவினார்.

முதுகெல்லாம் சேறாக அப்பா எழுந்து நின்றார். அதைப் பார்த்ததும் அத்தாயிக்கு எங்கிருந்தோ துணிச்சல் வந்தது.

"ஏனுங்க, ஒரு சந்தேகமுங்க. இந்த அண்ணங்க எல்லாம் எந்த ஊருங்க?"

அர்த்தனாரி பதில் சொல்வதற்குள், "முசிறி!" என்றார் கருப்பண்ணன். "ஆத்தூரு!" "தாரமங்கலம்!" என்று மற்றவர்களும் கை தூக்கினார்கள்.

"அப்ப ஜெயிச்சது அந்த ஊருங்கதானுங்களே? நெழலு அவங்களுக்குத்தான் போகோணும். முள்ளுக்குறிச்சிக்காரங்களும் எங்ககூட வெயில்ல வந்து உக்காரோணுமுங்க."

முதலில் சிரித்தது கருப்பண்ணன்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

அர்த்தனாரி தன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார்.

"எனக்கு வெயிலு ஆகாதே கண்ணு!"

"யாருக்குமே ஆகாதுங்க. மரம் பெருசுதானுங்களே?"

அவர் சங்கிலிக் கடிகாரத்தை மூடிப் பைக்குள் போட்டார். "செரி! மொதல்ல வர்றவங்க மொதல்ல உக்காரட்டும். எந்த ஊரா இருந்தா என்ன?"

"அப்போ கோஷ்டி எதுக்குங்க?" கருப்பண்ணனுக்குத் தன் கூலியை நினைத்துக் கவலை.

"பாத்து ரசிக்கறதுக்குடா!"

அடுத்த சந்தைக்கு அவர்கள் விடியுமுன்பே இறங்கிவிட்டார்கள். அம்மா புளியமரத்தடியில் கூடையை இறக்கினாள். தம்பி தூங்கிப்போனான். பொழுது ஏற ஏற, அவன் முகத்தில் ஒரு துண்டு வெயில் விழுந்தது. அத்தாயி முந்தானையைப் பிடிக்கக் கையை நீட்டினாள். அதற்குள், பக்கத்தில் வெல்லம் விற்றுக்கொண்டிருந்த முள்ளுக்குறிச்சி அம்மாள் தன் கூடையைத் தள்ளி வைத்துக்கொண்டு, "இப்படி நகந்து உக்காருங்க, கொழந்தைக்கு வெயிலடிக்குது," என்றாள்.